சூடமும் சாட்சிக் கூண்டும்

(அடையாறில் மாணவத் தோழர்கள் நடத்திய அறைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. இன்னைக்குக் கவிதை வேணாம். கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போன கதையைச் சொல்றேன்.

மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா நான். செக் திரும்பிய வழக்கொன்றில் கணக்கு விவரத்தோடு வரச் சொல்லி சம்மன் வந்தது. கூண்டில் ஏறியதும் பெஞ்ச் கிளார்க், சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில், 'கடவுள் சாட்சியா சொல்றதெல்லாம் உண்மை, சொல்லுங்க' என்றார். 'உறுதிமொழி எடுத்துக்கறேங்க' என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

'கிறிஸ்டியனா சார்?'

'இல்லீங்க.'

'முஸ்லிமா?'

'அதுவும் இல்லீங்க.'

நடுவர் எழுதுவதை நிறுத்தாமலே, 'உறுதிமொழியே வாங்குங்க' என்றார். அரை நிமிஷம்கூட ஆகலை.

அடுத்த வழக்கில் ஓர் அம்மா. வீட்டு வேலை செய்கிறவர். கூண்டேறும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டபடியே கடவுள் பெயரால் சத்தியம் செய்தார். அதுக்கப்புறமும் எதிர்த்தரப்பு வக்கீல், 'பொய் சொன்னா ஜெயிலுக்குப் போவே, தெரியுமில்ல?' என்றார். 'போவே'! சாமி பேரையே சொல்லாத என்னை யாரும் அப்படி மிரட்டவில்லை. நான் சட்டையை இன் பண்ணியிருந்தேன். 'சார்' ஆகிவிட்டேன். என் சாதி அவங்களுக்குத் தெரியாது.

அன்று ராத்திரி மனுவின் எட்டாம் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். சாட்சியை விசாரிக்கிற முறை அதில் வருகிறது. பார்ப்பனச் சாட்சியிடம் சொல்லும்படி கேட்டால் போதும். சத்திரியனிடம் உண்மையைச் சொல்லக் கேட்க வேண்டும். வைசியனுக்கு மாடு, தானியம், பொன் மேல் ஆணை. சூத்திரனுக்கோ எல்லாப் பாவமும் வந்து சேரும் என்ற மிரட்டல். நம்மைப் போன்ற கடைப்பிறப்பாளர் கடைப்பிறப்பாளருக்குத்தான் சாட்சி. ஆண்டைக்கு எதிராக வாயே கிடையாது. சத்தியம் என்பது இந்த மண்ணில் ஒருநாளும் பொதுவாக இருந்ததில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். கங்கை நீர் மேலும் குர்ஆன் மேலும் சத்தியம் செய்யச் சொல்வது மனச்சாட்சிக்கு ஒவ்வாமல் இருக்கிறது என்று 1840இல் ஒரு சட்டம் போட்டு, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அதை நிறுத்தினார்கள். சர்வ வல்லமையுள்ள கடவுள் முன்னிலையில் உறுதி கூறினால் போதும் என்றானது. 1873இல் வந்த பிரமாணச் சட்டத்தில் இன்னொரு கதவு திறந்தது. 'எதிராளி இன்ன சத்தியம் செய்துவிட்டால் நான் கட்டுப்படுகிறேன்' என்று ஒரு தரப்பு சொல்லலாம். எதிராளியும் சம்மதித்துச் செய்தால், கட்டுப்பட்டவரைப் பொறுத்தவரை அதுவே முடிவான சாட்சியம். அந்தச் சத்தியம் கோயிலிலும் நடக்கலாம். 1947 வரை சென்னை மாகாணத்தில் நம்மை உள்ளே விடச் சட்டம் கட்டாயப்படுத்தாத கோயில்! 1969 சட்டம்தான் இந்தக் கதவை மூடியது.

கோர்ட்டுக்கு வெளியே இது எப்படி நடந்தது என்பது எங்க ஆயா மூலமாகத்தான் எனக்குத் தெரியும். 1960களில், களத்தில் நெல் குறைந்தது என்று ஆயாவைப் பிடித்தார்கள். மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். ஆனா கோயிலுக்குள்ள வரக்கூடாது. தெருமுனையில் செங்கல் மேல் ஊர்க்காரர் ஒருவர் சூடம் ஏற்றினார். ஆயா உள்ளங்கையால் அணைச்சுது. அப்பவும் தண்டம் கட்டச் சொன்னாங்க. 'இவங்களுக்குப் பொய்ச் சத்தியம் பண்ண பயமா?'ன்னு. ஆயா அந்த உள்ளங்கையைக் காட்டித்தான் இதைச் சொல்லும்.

இப்போதுள்ள 1969 சட்டம் எளிமையானது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. கீதையும் இல்லை, எந்தப் புத்தகமும் இல்லை. அது சினிமா. சத்தியம் வாங்க விட்டுப்போனாலும் சாட்சியம் செல்லும். உண்மை சொல்லும் கடமையும் அப்படியே இருக்கும். பொய்ச் சாட்சிக்கு ஏழாண்டு வரை தண்டனை. சாமி பேரைச் சொன்னதால் ஒரு நாள் கூடவோ குறையவோ போவதில்லை.

லண்டனில் பிராட்லா என்ற நாத்திகர் 1880இல் தேர்தலில் ஜெயித்தும், பிரமாணத் தகராறில் 1886 வரை நாடாளுமன்றத்தில் முறையாக உட்கார முடியவில்லை. அவர் வழியில் நம்ம சென்னையிலேயே 1880களில் 'தத்துவவிவேசினி' நடத்தினார்கள். 1967இல் அண்ணா அமைச்சரவை 'உளமார' என்றது. மந்திரிக்குத் தெரிகிற இந்த உரிமை அந்த அம்மாவுக்கு ஏன் தெரியலை? யாரும் கேக்கலை, அதான்.

'எங்க சனத்துக்குச் சாமி இருக்கு, அதை ஏன் பிடுங்கற?' என்று ஒரு தோழர் கேட்டார். பிடுங்கவில்லை தோழர். அந்த அம்மா கும்பிட்டதில் எனக்கு இளப்பம் இல்லை. எதைச் சொல்வது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். 1956இல் நாக்பூரில் பிரம்மா, விஷ்ணு, மகேசன் வேண்டாம் என்று பாபாசாகேப் 22 உறுதிமொழி எடுக்கவைத்தாரே, அந்த வழியில் பௌத்தம் ஏற்றவர் எந்தக் கடவுள் பெயரைச் சொல்வார்?

உறுதிமொழி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரலை. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். நம் மக்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். 1970இல் நாகப்பட்டினம் கோர்ட் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெரிய மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. நம் ஆட்கள் வாய் திறந்து சொன்னது ஒருபக்கம், ஒரு கார் இன்னொரு பக்கம். கார் ஜெயித்தது.

தரமணியில் சட்டம் படிக்கிற தோழர்கள் நாலு பேர் இங்க இருக்கீங்க. உங்ககிட்ட ஒரு வேலை. நோட்டரி முன்னால் கையெழுத்தாகிற பிரமாண வாக்குமூலங்களைப் பாருங்க. அதில் பெரும்பாலும் 'உளமார உறுதி'தான். காகிதத்தில் யாரும் கிறிஸ்டியனான்னு கேக்கறதில்லை. உங்க சாட்சி கூண்டேறும் முன்னாடி ரெண்டு வழியையும் சொல்லுங்க, அவங்க தேர்ந்தெடுக்கட்டும். எவனாவது 'போவே'ன்னா எழுந்து நில்லுங்க. சாட்சியை அவமதிக்கும் கேள்வியைத் தடுக்க சாட்சிய அதினியம் 155ஆம் பிரிவு இருக்கு. வன்கொடுமை வழக்கென்றால், 2016இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவில் சாட்சியைப் பாதுகாப்பது அரசின் கடமை. நம்பரைக் குறிச்சுக்கங்க. செருப்பைக் கழட்ட வேணாம்னும் சொல்லுங்க.