யாரோடு யார் பேசுவது?

(வாசுதேவநல்லூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மதங்கள் தம்முள் பேசிக்கொள்ள வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் மதங்களுக்கு வாய் கிடையாது. பேச வேண்டியவர்கள் மனிதர்கள். எந்த மனிதர்கள்? எதைப் பற்றி? இதுவே நம் முன் நிற்கும் கேள்வி.

பக்கத்திலிருக்கும் சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். சிவனே பெரியவர் என்றான் சங்கன். திருமாலே பெரியவர் என்றான் பதுமன். இரண்டு நாக அரசர்களின் வழக்கும் அம்மனிடம் போயிற்று. கோமதி அம்மன் தவமிருந்தாள்; சங்கரனும் நாராயணனும் ஒரே உடலில் தோன்றினார்கள். ஆடித்தபசுக்கு வண்டி கட்டிப் போன நம் முன்னோர் கேட்டு வளர்ந்த கதை இது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: வழக்கில் எவரும் தோற்கவில்லை, இருவருக்கும் சரிபாதி.

இன்னொன்று. கடையத்தில் வாழ்ந்த காலத்தில், 1920-ம் ஆண்டு, பாரதியார் பொட்டல்புதூருக்குச் சென்று இஸ்லாம் மார்க்கத்தின் மகிமையைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். அங்குள்ள முகைதீன் ஆண்டவர் தர்காவுக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு போகிறார்கள். தன் மதத்தின் பெருமையைப் பேச யாராலும் முடியும். அண்டை வீட்டுக்காரரின் மார்க்கத்தை அறிந்து, அவர் ஊரிலேயே மதித்துப் பேசினாரே, அதுதான் பேச்சு!

ஆனால், தோழர்களே, இந்தப் பெருமைகளைக் கேட்டதோடு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரியில், நூற்றுக்கு மேற்பட்ட தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே பரபரத்தது. தலைவர்கள் வந்தார்கள். "ஏன் போனாய்?" என்று கேட்க வந்தவர்கள் அநேகம் பேர். "இத்தனை காலம் எப்படி இருந்தாய்?" என்று அதற்கு முன் வந்து கேட்டவர் எத்தனை பேர்? ஜாதிக் கொடுமையால் நொந்தவனிடம், அதை ஒழிக்காமல், மத ஒற்றுமை பேசுவது பசித்தவனுக்கு விருந்தை வருணிப்பது போலத்தான்.

அடுத்த ஆண்டே, 1982 மார்ச்சில், குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. குன்றக்குடி அடிகளார் அறிக்கை விட்டுவிட்டு மடத்தில் இருந்துவிடவில்லை. நேரே சென்றார்; இரு தரப்பு மக்களோடும் பேசி அமைதிக்குப் பாடுபட்டார். அவரை நாம் போற்றுகிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் பிணம் விழுந்த பிறகுதானா பேச்சுத் தொடங்க வேண்டும்?

நாற்று நடும் வயலில் வெயில் மதம் பார்த்து அடிப்பதில்லை. எலுமிச்சை மூட்டை சுமக்கும் முதுகு எல்லா மதத்திலும் ஒரேபோல் வலிக்கிறது. அங்கே ஏற்கெனவே நடக்கும் பேச்சைத்தான் நாம் தெருவுக்கும் கொண்டுவர வேண்டும்.

திருவிழாவா, ஊர்வலமா? கொடி ஏறுமுன்பே எல்லாத் தெருவாரும் கூடிப் பாதையைப் பேசி முடிப்போம். கைப்பேசியில் வதந்தி வருகிறதா? அடுத்தவருக்கு அனுப்புமுன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்போம். அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருக்க வேண்டும்; ஒதுக்கிவைக்கப்பட்ட தெருவின் மக்களும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சமுக்காளம் விரிப்போம்.

சமமாக உட்காராதவர்கள் சமரசம் பேச முடியாது, தோழர்களே!