மரபுவழி மார்பகப் புற்றுநோய்: மறைத்தலும் காத்தலும்

(திருநகரில் நடைபெற்ற பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து தொழில் நிமித்தம் இப்பாண்டி நாட்டில் குடியேறிய நம் குடும்பங்களில், பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையும் ஒருசேர அமர்வது இத்தகைய நாள்களில்தான். இன்றைய பொருள் அம்மூவரும் ஒன்றாகக் கேட்க வேண்டியது. ஆடவரும் கேட்க வேண்டியது; அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

நம் திருநகருக்கு அண்மையில், கீழக்குயில்குடியில், சமணர்மலை உள்ளது. அங்கே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகளைக் காணலாம். இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்று ஆசிரிய வழிமுறை அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என ஒரு தாயின் பெயரும் நிலைத்திருக்கிறது. இவ்வாறு வழிமுறையைப் பதிந்து வைத்தவர்கள் நம் முன்னோர். நாமோ நம் வீடுகளில் ஒரு வழிமுறையை மட்டும் எழுதுவதுமில்லை, பேசுவதுமில்லை. அது நோயின் வழிமுறை. முப்பத்தைந்து வயதில் மறைந்த பெரிய அத்தைக்கு என்ன நோய் என்று கேட்டால், "ஏதோ காய்ச்சல்" என்பார்கள். மார்பில் கட்டி இருந்ததைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் திருமணத்திற்குப் பெண்கள் இருக்கிறார்களே என்ற அச்சம்தான் அதற்குக் காரணம். அந்த மௌனம் யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலில் ஓர் ஆறுதல். மார்பகப் புற்றுநோய் கண்ட நூறு பெண்களில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது மரபு வழியாக வருகிறது. ஏனையோர்க்கு அவ்வாறன்று. எனவே ஒருவருக்கு நோய் வந்தது என்பதற்காகவே அவர் குடும்பம் முழுவதையும் ஐயுற வேண்டியதில்லை.

மரபு வழியாக வருவது எங்ஙனம்? நம் உயிரணுக்களில் உள்ள மரபுச்சரம் நாள்தோறும் சிதைவுறுகிறது. அச்சிதைவைச் செப்பனிடும் காவலர்களும் உயிரணுவிலேயே உண்டு. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் இரு மரபணுக்கள் அத்தகைய காவலர்கள். முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதை அமெரிக்க அறிவியலாளர் மேரி-கிளேர் கிங் 1990-இல் காட்டினார். 1994-இல் அது பிரித்தறியப்பட்டது. மறு ஆண்டே 13-ஆம் குரோமோசோமில் உள்ள இரண்டாவதும் அடையாளம் காணப்பட்டது. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருந்தால் செப்பனிடும் பணி குன்றுகிறது. 2017-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, இப்பழுதுடைய பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கு எண்பது வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புண்டு. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு, முதல் மரபணுவின் பழுதினால் நூற்றுக்கு 44, இரண்டாவதினால் 17. இந்நோய் பெரும்பாலும் இளவயதிலேயே வருவதால் இது இளம் பெண்களின் சிக்கலாகிறது.

இப்பழுது தாயிடமிருந்து மட்டும் வருவதன்று. தந்தையிடமிருந்தும் வரும். பழுதுடைய பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது வந்து சேரப் பாதி வாய்ப்புண்டு. தந்தை நோயின்றி எழுபது வயது வரை வாழலாம். அவர் வழியாக மகளுக்குச் சென்றிருக்கலாம். ஆடவர்க்கும் புரோஸ்டேட் புற்றுநோய், அரிதாக மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பு இதனால் கூடும். ஆடவரும் கேட்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

இது மேலைநாட்டு நோய் என்று ஒதுக்குவதற்கில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடும்பத்தில் முன்பே இந்நோய் கண்டிருந்த தென்னிந்திய நோயாளிகள் 61 பேரை அவர்கள் சோதித்தனர். 17 பேரிடம் இவ்விரு மரபணுக்களில் ஒன்றில் பழுது இருந்தது. அவர்களுள் 10 பேரிடம் ஒரே பழுது: முதல் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படும் பழுதும் இதுவே. நெடுங்காலம் தம்முள்ளேயே மணம் செய்துகொண்ட அம்மக்களில் நாற்பது பேருக்கு ஒருவர் இவ்விரு மரபணுக்களில் ஒன்றில் பழுதுடையவர். எண்ணிக்கையில் சிறிய, தம்முள்ளேயே கொடுக்கல் வாங்கல் செய்யும் எந்தச் சமூகமும் இதை நினைவிற் கொள்வது நலம். நம்மிடம் இந்நோய் மிகுதி என்று நான் சொல்ல வரவில்லை. அறிந்துகொள்ளும் கடமை நமக்கும் உண்டு என்பதே என் கருத்து.

"நாம் புலால் உண்பதில்லை, மது அருந்துவதில்லை; நமக்கு ஏன் வரப்போகிறது?" என்று கேட்போர் உண்டு. நம் உணவொழுக்கம் உடலுக்கு நன்மையே. ஆயினும் கருவிலேயே வந்து சேர்ந்த பழுதை எவ்வுணவும் நீக்காது.

இனிச் செய்ய வேண்டியவை. ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள்: தாய்வழி ஒரு பக்கம், தந்தைவழி மறுபக்கம். யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் என்று குறியுங்கள். ஐம்பது வயதிற்கு முன் மார்பகப் புற்றுநோய், எவ்வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆடவர்க்கு மார்பகப் புற்றுநோய், ஒரே வழியில் பலருக்கு நோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், அத்தாளுடன் புற்றுநோய் மருத்துவரிடம் சென்று மரபியல் ஆலோசனை கேளுங்கள். நம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. சிறிதளவு குருதியோ உமிழ்நீரோ சோதனைக்குப் போதும். கூடுமானவரை நோயுற்றவரையே முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் பழுது இன்னதென்று தெரிந்தால்தான் பிறருக்குத் தெளிவான விடை கிடைக்கும். சிறுமியரைச் சோதிக்க வேண்டா. வயது வந்த பெண் தானே விரும்பி முடிவு செய்யட்டும்.

பழுது இருப்பதாகத் தெரிந்தால் அது தீர்ப்பன்று, முன்னறிவிப்பு. இருபத்தைந்து வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. சோதனை, முப்பதிலிருந்து மேமோகிராமும் எனக் கண்காணிக்கும் முறை உண்டு. மகப்பேறு நிறைவுற்றபின் சினைப்பைகளை அகற்றிக்கொள்ளலாம். மார்பகங்களை முன்னரே அகற்றிக்கொள்வோரும் உளர். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-இல் அதனை உலகறியச் சொன்னார். எதைத் தேர்வது என்பது அப்பெண்ணின் உரிமை. மரபணுப் பழுது இல்லாதவர்க்கும் ஒரு சொல்: மார்பில் கட்டி, தோலில் குழிவு, காம்பில் குருதிக் கசிவு கண்டால் நாள் கடத்தாதீர்கள். பாலூட்டும் தாய்க்கு வரும் கட்டியைப் "பால் கட்டு" என்று தாமாகவே முடிவு செய்யாதீர்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் அதை மருத்துவர் சொல்லட்டும்.

திருமணப் பேச்சிற்கு வருகிறேன். பெண்ணின் தாய்க்கு என்ன நோய் என்று துருவிக் கேட்கிறோம். மாப்பிள்ளையின் அத்தைக்கு என்ன நோய் என்று யார் கேட்கிறார்கள்? பழுது இருபாலார் வழியும் வருமென்றால், பெண் வீட்டாரை மட்டும் விலக்குவது அறியாமையும் அநீதியும் ஆகும். ஒரு வீட்டின் நோயை ஊர்ப்பேச்சாக்குவது ஓர் உயிரைப் புண்படுத்துவது. சொல்லால் செய்யும் இம்சை அது. அந்த இம்சைக்கு அஞ்சித்தான் நம் மூத்தோர் வாய் மூடினர். கேட்போர் திருந்தினால் சொல்வோர் வாய் திறப்பர்.

"எல்லாம் வினைப்பயன்" என்று அமைதி கொள்வோரும் உண்டு. வினையைச் சொல்லும் நம் சமயமே செறிப்பையும் உதிர்ப்பையும் சொல்கிறது. வருவதைத் தடுக்கவும் வந்ததைக் களையவும் முயற்சி வேண்டும் என்பதே அவற்றின் பொருள். வினையின் பெயரால் மருத்துவத்தைக் கைவிடுதல் அறமாகாது.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை வீட்டிற்குள் பூட்டி வைக்காமல், அதுவே தூண்டுகோலாக 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய அவ்விடத்தில், மறு ஆண்டு பணியிற் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை தம் வாழ்நாளை அளித்தார். ஒரு வீட்டின் இழப்பைச் சொல்லத் துணிந்ததனால் எண்ணற்ற வீடுகள் பிழைத்தன.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களை நாம் அறிவோம். வீட்டுப் பெரியவர்களே, உங்கள் தமக்கைக்கும் அத்தைக்கும் என்ன நேர்ந்தது என்பதை உங்கள் பேத்திக்குச் சொல்லுங்கள். அது அவளுக்கு அறிவையும் மருந்தையும் தரும். அஞ்சாமல் வாழும் அபயத்தையும் தரும். இவ்வார இறுதிக்குள் அந்தத் தாளை எழுதி முடியுங்கள் என்று வேண்டி அமைகிறேன்.

ஜெய ஜினேந்திர.