தொப்பைக் கொழுப்பும் ஆவாரைக் குடிநீரும்

சர்க்கரை நோய்க்குச் சித்த மருத்துவர்கள் தரும் மருந்துகளில் பேர்பெற்றது ஆவாரைக் குடிநீர் என்ற கஷாயம். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம், கோரைக்கிழங்கு, கோட்டம். இந்த ஏழு சரக்கும் அதில் சேரும்.

சர்க்கரை நோய் என்றதும் எல்லோருக்கும் கணையம்தான் நினைவுக்கு வருகிறது. கொழுப்புச் செல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. அதுவும் இன்சுலின் சொல்படி நடக்கிற செல்தான். உடம்புக்கு மிஞ்சியதை வாங்கிச் சேமிக்கும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி.

தொட்டி நிரம்பினால்? வழியும்.

தொப்பைக் கொழுப்பும் அப்படித்தான் வழிகிறது. கொழுப்பு அமிலம் இரத்தத்தில் கலந்து, ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது. அப்புறம் இன்சுலின் சொன்னாலும் அவை சரியாகக் கேட்பதில்லை. கை கால் ஒல்லியாக இருந்து, தொப்பை மட்டும் விழுந்தவருக்கும் இதே கதைதான்.

மூலிகைகள் இங்கே என்ன செய்கின்றன? ஆவாரைக் குடிநீரில் சேராத மரமஞ்சளில் பெர்பெரின் என்றொரு பொருள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் கொழுப்புச் செல் உருவாவதை அது குறைத்தது. ஆய்வுக்கூடத்தில்தான்! வாய்வழி சாப்பிட்டால் இரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம். குடிநீரில் சேரும் கடலழிஞ்சிலின் வழி வேறு. மாவுச்சத்தை உடைக்கும் குடல் நொதியை அது தடுக்கிறது. அதனால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது.

சர்க்கரை மாத்திரையோடு கஷாயமும் குடிப்பவர்கள், அதை மாத்திரை தரும் மருத்துவரிடமும் சித்த மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சிலருக்கு அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் அதன் அடையாளங்கள்.