காண்பன, அறிவன
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன் செய்தபோது, "நீ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இத்தனை வருஷம் பாதுகாப்பு அதிகாரியா இருக்கே, தொழிற்சாலைப் பாதுகாப்பு பத்தி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது வேறொரு விஷயம்தான் வந்தது. தடுப்பூசி போட்ட பிறகு உடம்புக்கு என்ன ஆகிறது, அதைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பது. செயலாளர் என்னை மன்னிக்க வேண்டும்.

முதலில் நம் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். உப்புப் பகுப்பாய்வு நோட்டில் மூன்று பத்திகள் இருக்கும்: சோதனை, காண்பன, அறிவன. முதலாண்டில் ஒருநாள் சுடர்ச் சோதனை. பச்சையாக எரிந்தது. நான் காண்பன பத்தியில் 'பேரியம்' என்று எழுதிவிட்டேன். பேராசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். "தம்பி, நீ பார்த்தது பச்சை. பேரியம் நீ நினைச்சது. தாமிரம்கூடப் பச்சைதான் காட்டும். பார்த்ததை இங்க எழுது, நினைச்சதை அங்க எழுது" என்றார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிவப்புக் கோட்டின் விலை எனக்குப் பதினேழு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

என் தாயார் திருவள்ளூரை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவர் புஜத்தில் ஒரு தழும்பு உண்டு. 1968 முதல் 1971 வரை, அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பற்றி உலகமே திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வு நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நிஜ மருந்து, மற்றொரு பகுதியினருக்கு வெறும் மருந்து. "ஊசி போட்ட இடம் சில வாரம் கழிச்சுப் புண்ணாச்சுப்பா, சீழ் வச்சுது. ஊசி கெட்டுப்போச்சுன்னு உங்க பாட்டி மஞ்சள் அரைச்சுப் போட்டாங்க" என்று அம்மா சொல்வார். உண்மையில் பி.சி.ஜி. அப்படித்தான் நடந்துகொள்ளும். சில வாரங்களில் புண் வந்து, தானே ஆறி, தழும்பாகும். மருந்து கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல அது.

அந்த ஆய்வின் முதல் முடிவு 1979-இல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று அதில் இருந்தது. ஊசிக்குச் சாதகமில்லாத முடிவுதான். ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளை அது தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று பிரித்துச் சொன்னதால்தான் அந்த ஊசிக்கு மரியாதை நிலைத்தது. இது நம் மண்ணில் நடந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

2008 ஏப்ரல் 23. நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பென்னலூர்பேட்டை, கச்சூர் பகுதிகளில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் அன்றைக்கே இறந்துபோனார்கள். வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மாவட்டம் முழுக்க ஒரே அழுகை, ஒரே கோபம். என் இளைய மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். தட்டம்மை ஊசிக்கான வயது. அடுத்த வாரம் அவளுக்கு முறை.

எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். "சார், பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி பாக்கி இருக்கு" என்றார். நான் கத்தினேன். "நாலு குழந்தை செத்திருக்கு. உங்க புள்ளைக்குப் போடுவீங்களா?" அந்தம்மா மெதுவாகச் சொன்னார்: "எம் பையனுக்குப் போன மாசம்தான் சார் போட்டேன். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம்! நான்கு வீட்டில் ஆகியிருக்கிறதே! அந்த ஒரு வார்த்தையிலேயே நான் கதவைச் சாத்திவிட்டேன். அதன் பிறகு அரசு கிராமங்களுக்கு வந்து ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போட ஏற்பாடு செய்தது. என் மனைவி, "என்னங்க, அங்கதான் டாக்டர் இருக்காரே, போய்க் கேட்டாவது பாப்போமே" என்றாள். நான் போகவில்லை.

ஒன்றேகால் வயதில் குழந்தைக்கு அம்மை வார்த்தது. வேப்பிலை கட்டினோம். கண் சிவந்தது, உடம்பு முழுக்கத் தடித்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தாள். ஆனால் காதில் சீழ் நிற்கவே இல்லை. எல்.கே.ஜி. படிக்கும்போது ஒருநாள் டெலிபோனை இடது காதில் வைத்துக்கொண்டு, "தாத்தா பேசவே மாட்டேங்கறாரு" என்று அழுதாள். அப்போதுதான் தெரிந்தது, இடது காது கேட்கவில்லை என்று.

"அம்மையோடு வந்த காதுச் சீழ் காரணமாக இருக்கலாம்" என்றார் டாக்டர். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார், 'அதுதான்' என்று சொல்லவில்லை. அன்றிரவு எனக்குப் பேராசிரியரின் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. என் குழந்தை விஷயத்தில் 'லாம்' போட்டுப் பேசிய அந்த டாக்டரை மதித்தேன். ஆனால் 2008-இல் நான் செய்தது என்ன? ஊசி போட்ட பின் குழந்தைகள் இறந்தன என்பது காண்பன. தட்டம்மை மருந்தே குழந்தைகளைக் கொல்லும் என்பது அறிவன. பரிசோதிக்காமலே இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டேன்.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஊசிக்குப் பின் வரும் எந்தத் தொல்லைக்கும் ஐந்து விதமான காரணங்களை மருத்துவ உலகம் பார்க்கிறது. ஒன்று, மருந்தின் இயல்பே. கைவலி, காய்ச்சல் முதல் மிக அரிதான ஒவ்வாமை வரை. இரண்டு, தயாரிப்பில் குறை. மூன்று, கையாளுவதில் பிழை. நான்கு, பயத்தால் வரும் மயக்கம், படபடப்பு. ஐந்து, தற்செயல், ஊசி போடாவிட்டாலும் அன்று வந்திருக்கக்கூடியது.

தட்டம்மை மருந்து தூளாக வரும். அதே கம்பெனி அனுப்பும் நீரில்தான் கலக்க வேண்டும். கலக்கியதை நான்கு மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது, மீந்தால் கொட்டிவிட வேண்டும்; இல்லையென்றால் கிருமி வளரும். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் வேறெந்த மருந்தும் இருக்கக்கூடாது. அவசரத்தில் குப்பி மாறினால் உயிர் போகும். ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில், சிறிது நேரத்துக்குள் பல குழந்தைகள் இறந்தால், நிபுணர்கள் முதலில் துருவ வேண்டியது இந்த மூன்றாவது காரணத்தைத்தான். தொழிற்சாலையில் விபத்து நடந்தால் நானும் அப்படித்தானே விசாரிப்பேன்? வால்வு மாறிப் போனதற்காக ரசாயனத்தின் மேல் பழி போடுவோமா? இதைத்தான் அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், நான்தான் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

2021-க்கு வருகிறேன். கொரோனா ஊசி. நடிகர் விவேக் அவர்கள், மக்கள் பயப்படக்கூடாது என்பதற்காகவே ஏப்ரல் 15-ஆம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி காலமானார். தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, மரணத்துக்கு ஊசி காரணமல்ல, தற்செயலாக நேர்ந்தது என்று அந்த ஆண்டே சொன்னது. ஆனால் அந்த முடிவு வருவதற்குள் சிப்காட் கேட்டில் டீக்கடைக்கு டீக்கடை பேச்சு ஓடிவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் முகாம் ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் மேடை போட்டுப் பேசவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி சொன்னார்: "சார், ஊசி போட்டா ரெண்டு நாளு ஜுரம் வருதாமே? அந்த ரெண்டு நாள் கூலி யார் சார் குடுப்பாங்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பயந்தது ஊசிக்கு இல்லை, கூலிக்கு! நிர்வாகத்திடம் பேசி, சனிக்கிழமை ஊசி, ஞாயிறு ஓய்வு, திங்கட்கிழமையும் காய்ச்சல் இருந்தால் கூலியோடு விடுப்பு என்று வாங்கினேன். பாதிப் பயம் அன்றே போய்விட்டது.

மீதிப் பயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பெயர், தேதி, மருந்தின் தொகுதி எண். அதற்குப் பக்கத்தில் 'காண்பன' என்று ஒரு பத்தி. 'அறிவன' பத்தியை டாக்டருக்கு விட்டுவிட்டேன். ஒவ்வொருவரிடமும் நான் சொன்னது இதுதான்: "கை வலிக்கும். ஜுரம் வரலாம், ஓரிரண்டு நாளில் போயிடும். அரை மணி நேரம் இங்கயே உட்காருங்க. மூச்சுத் திணறினா, உடம்பு தடிச்சா, அதுக்கு மருந்து இங்க ரெடியா இருக்கு. அடுத்த ஒரு மாசத்துக்குள்ள தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம், விடாத வயித்து வலி வந்தா எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடுங்க." அந்த வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2021 ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. அதை நான் மறைக்கவில்லை. "இதைச் சொன்னா எவன் வருவான்?" என்று சக அதிகாரி கேட்டார். வந்தார்கள். ஒடியா பேசும் பையன்களுக்கு அவர்கள் மேஸ்திரியை வைத்து அவர்கள் பாஷையிலேயே சொல்லச் சொன்னேன். அவர்களும் வந்தார்கள்.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஃபிட்டர் ஒருவர். ஊசி போட்ட ஐந்தாம் நாள் போன் செய்தார், ஜுரம் விடவில்லை என்று. "ஊசி ஜுரம்தான், படுத்தா போயிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம். நோட்டைப் பார்த்தேன். முதல் மூன்று நாள் ஜுரமே இல்லை என்று அவரே சொல்லி எழுதியிருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டெங்கு. தட்டணுக்கள் இறங்கியிருந்தன. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நண்பர்களே, எல்லாவற்றுக்கும் ஊசிதான் காரணம் என்பவனும், எதற்குமே ஊசி காரணமில்லை என்பவனும், இரண்டு பேருமே காண்பனவைப் பார்க்காமல் அறிவன எழுதுகிறவர்கள்தான். முதலாமவனால் என் மகள் காதை இழந்தாள், அவன் நான்தான். இரண்டாமவனை நம்பியிருந்தால் அந்த ஃபிட்டரை இழந்திருப்போம்.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. நாளைக்கு நீங்கள் செவிலியராகவோ, ஆசிரியராகவோ, அதிகாரியாகவோ ஆவீர்கள். யாரிடமும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். என்ன ஆகலாம், எத்தனை நாளில் போகும், போகாவிட்டால் யாரிடம் வர வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டாவது, உங்களுக்கோ வீட்டிலோ ஊசிக்குப் பின் ஏதாவது நேர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 104-க்குப் போன் போட்டும் கேட்கலாம். டீக்கடையில் சொன்னால் வதந்தி ஆகும், பதிவேட்டில் ஏறினால் அறிவு ஆகும். மூன்றாவது, தன் அனுபவத்தைச் சொல்ல வருகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கேட்க ஆளில்லாத வலிதான் வதந்தியாகிறது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வந்த பயமுறுத்தல்கள் கொஞ்சநஞ்சமல்ல. என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது என்பது உண்மை. போட்டேன். மாலையில் வந்தவள், "அப்பா, கை வலிக்குது. நர்ஸ் அக்கா வலிக்கும்னு முன்னாடியே சொன்னாங்க, அதனால நான் அழல" என்றாள்.

அவள் இன்று நம் கல்லூரியில்தான் வேதியியல் படிக்கிறாள். இந்த அரங்கில் இடது ஓரத்து இருக்கையில் இருக்கிறாள். எங்கே போனாலும் அந்த ஓரம்தான். வலது காது மேடைப் பக்கம் இருக்க வேண்டும் அல்லவா? நேற்று அவளுடைய உப்புப் பகுப்பாய்வு நோட்டைப் புரட்டினேன். மூன்று பத்தியும் சுத்தமாக இருந்தது.