வெட்கம் கல்லீரலைக் காக்காது



ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடை நடத்தும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து. ஹெப்படைடிஸ் பி கிருமியால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போய் வருகிறார். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்வார். ஆண்மைக் குறைவை மட்டும் சொல்ல மாட்டார். அதற்கு அவர் தேடிப் போவது பாசார் மாலாம். 'மூலிகை' என்று எழுதிய மாத்திரையை யாருக்கும் தெரியாமல் வாங்கி வருகிறார்.

இதில் என்ன ஆபத்து?

வயாகரா என்ற பெயரில் 1998-இல் விற்பனைக்கு வந்த மருந்து சில்டெனாபில். அதை உடைத்து வெளியேற்றும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. கல்லீரல் தளர்ந்தால் மருந்து இரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். சிரோசிஸ் எனும் ஈரல் சுருக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அவர்கள் உடலுக்குள் சென்ற மருந்தின் அளவு 84 விழுக்காடு கூடியிருந்தது. விளைவு? தலைச்சுற்றல், இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம்.

அப்படியானால் கல்லீரல் நோயாளிக்கு இந்த மருந்தே கூடாதா? அப்படியில்லை. பாதிப்பு மிதமாக இருந்தால், வழக்கமான 50 மில்லிகிராமுக்குப் பதில் 25-இல் டாக்டர் தொடங்குவார். தடாலாபில் என்றால் 10 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார். பாதிப்பு கடுமையாக இருந்தால் பொதுவாக இவற்றைக் கொடுப்பதில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துவோர் இவற்றைத் தொடவே கூடாது.

சந்தை மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது? யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பது எந்த மருந்து என்பதும் தெரியாது.

2008-ஆம் ஆண்டு நம் அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். ஐந்தே மாதங்களில், நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தனர். அவர்களில் நால்வர் இறந்தனர். காரணம், ஆண்மை மாத்திரைகளில் கலந்திருந்த கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து! சர்க்கரையைச் சேமித்து, தேவைப்படும்போது இரத்தத்துக்குக் கொடுப்பது கல்லீரல்தான். அந்தக் கல்லீரலே பழுதானவருக்கு இப்படிப்பட்ட மாத்திரை கிடைத்தால் நிலைமை என்னவாகும்?

மலேசியாவில் சில்டெனாபில் வாங்க டாக்டரின் மருந்துச் சீட்டு வேண்டும். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்மைக் குறைவு சில வேளைகளில் நீரிழிவு, இருதய நோய், கல்லீரல் நோய் ஆகியவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதை மறைப்பவர் நோயையும் சேர்த்தே மறைக்கிறார்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "டாக்டர், எனக்கு இந்தப் பிரச்சினையும் இருக்கிறது" என்று ஒரு வரி சொல்லுங்கள். சொல்லத் தயங்கும் கணவருக்கு மனைவி துணையாகப் போகலாம். டாக்டருக்கு இது தினமும் கேட்கும் விஷயம்தான். அவர் சிரிக்க மாட்டார்.