நேர்கோடு வளைந்து தெரிந்தால்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



பழைய நினைவுகளைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். கண் வைத்தியத்தில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்பதால் என்னிடம் வேறொன்றைக் கேட்டார்கள். எங்களிற் பலர் அறுபதைக் கடந்துவிட்டோம். எங்கள் தாய்மார் எண்பதைக் கடந்துவிட்டார்கள். இந்த வயதில் கண்ணைப் பற்றி அறிய வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். நான் ட்ரூசன் பற்றிச் சொல்கிறேன்.

திருகோணமலையில் ஒரு வயதான அம்மா "கண் மங்கலாக் கிடக்கு" என்றால் வீட்டார் உடனே சொல்வது, "அது கண்புரை. முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்பதுதான். பல வேளைகளில் அது சரி. கண்புரை பொதுவாக ஆறுதலாக வளரும். சத்திரசிகிச்சைக்குச் சில மாதம் பொறுக்கலாம். ஆனால் அதே வயதில், அதே மங்கலோடு வரும் இன்னொரு நோய் காத்திருக்காது.

கண்ணின் பின்புறத்தில் விழித்திரை இருக்கிறது. அதன் நடுவிலுள்ள சிறு இடத்தை மக்குலா என்கிறோம். எழுத்தை வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் அந்த இடத்தால்தான். அங்குள்ள ஒளி உணரும் கலங்கள் நாள்தோறும் தம் நுனியைச் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன. கீழே உள்ள ஒரு கல அடுக்கு அந்தக் கழிவை விழுங்கி, ஒரு மெல்லிய சவ்வினூடாக இரத்தக் குழாய்களுக்கு அனுப்புகிறது. வயது போக இந்தச் சவ்வு தடிக்கிறது. கான் அடைத்தால் ஒழுங்கையில் குப்பை தேங்குவதுபோல, கொழுப்பும் புரதமும் சவ்வின் மேல் மஞ்சள் நிறப் புள்ளிகளாகப் படிகின்றன. அவைதான் ட்ரூசன். பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது.

அறிக்கையில் இந்தச் சொல்லைக் கண்டதும் பயப்பட வேண்டாம். சிறிய, விளிம்பு தெளிவான சில புள்ளிகள் நரைமுடி போல வயதோடு வருபவை. ஒரு மில்லிமீற்றரின் எட்டில் ஒரு பங்குக்கு மேற்பட்ட, மென்மையான, பல புள்ளிகள் இருந்தால்தான் கவனம் வேண்டும். அவை முதுமைசார் மக்குலாச் சிதைவு என்ற நோயின் அடையாளம். 2020 இல் உலகில் ஏறத்தாழ 196 மில்லியன் பேருக்கு இந்நோய் இருக்கும் என மதிப்பிடப்பட்டது. புகைப்பவருக்கும் குடும்பத்தில் நோய் உள்ளவருக்கும் ஆபத்து அதிகம்.

இந்த நோய் இரண்டு வழியில் முற்றும். உலர் வகையில் கலங்கள் ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல அழியும். ஈர வகையில் புதிய இரத்தக் குழாய்கள் சவ்வைத் துளைத்து வந்து கசியும். சில நாட்களில், சில வாரங்களில் நடுப்பார்வை போய்விடலாம். முழு இருட்டு வராது. கோணேசர் கோயிலடியில் நின்றால் சுற்றிலும் கடல் தெரியும். எதிரே வரும் பேரப்பிள்ளையின் முகம் தெரியாது.

"கண்ணை மாற்ற ஏலாதா?" என்று கேட்பார்கள். ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தான இயக்கத்தால் எங்கள் நாடு உலகெங்கும் கண் அனுப்பிப் பெயர் பெற்றது. ஆனால் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறக் கருவிழிப் படலம் மட்டுமே. விழித்திரையை அப்படி மாற்ற முடியாது. ஆகவே இருப்பதைக் காப்பதுதான் வழி.

ஈர வகைக்கு மருந்து உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து கண்ணுக்குள் போடும் ஊசிகள் இந்நோயின் போக்கையே மாற்றின. கசிவை அவை நிறுத்தும். பலருக்குப் பார்வை ஓரளவு திரும்பும். தழும்பான பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை. எனவே நாள் முக்கியம்.

அந்த நாளைத் தவறவிடாதிருக்க, சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பி போதும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். வாசிக்கும் கண்ணாடியைப் போட்டு, வாசிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை அழுத்தாமல் மூடிப் புள்ளியையே பாருங்கள். கோடுகள் வளைகின்றனவா? எங்காவது அழிந்து தெரிகின்றனவா? பிறகு மற்றக் கண். ஒவ்வொன்றாகப் பார்ப்பது கட்டாயம்; நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கிழமைக்கு ஒருதரம் போதும். வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கு யன்னல் கம்பியும் கதவு நிலையும் உதவும். கோடு புதிதாக வளைந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அந்தக் கிழமையே கண் வைத்தியரிடம் போங்கள். கோடு நேராகத் தெரிந்தாலும், கண்ணில் துளி விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையைக் கைவிட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு விற்றமின் குளிசை அனுப்பும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. 2001 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும், முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை அந்தக் குறிப்பிட்ட கலவை ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்தது. சிறு புள்ளிகள் மட்டும் உள்ளவருக்கு அதனால் பயன் காணப்படவில்லை. பழைய கலவையிலிருந்த பீற்றா கரோட்டீன் புகைப்பவருக்கு நுரையீரற் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதால், 2013 இன் ஆய்வுக்குப் பின் அதற்குப் பதில் லூட்டீன், சியாசாந்தின் சேர்க்கப்படுகின்றன. வைத்தியரைக் கேட்டு வாங்குங்கள். பொன்னாங்காணியும் வல்லாரையும் எங்கள் கடல் மீனும் எல்லோருக்கும் நல்லவை.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இந்த மலரை வாசிப்பவர்களே, வீட்டுக்கு அடிக்கும் தொலைபேசி அழைப்பில் "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்கிறோம். இனி இன்னொன்றும் கேட்போம்: "ஒரு கண்ணை மூடிப் பாருங்கோ, யன்னல் கம்பி நேரா இருக்கா?" அவருக்கு நோய் இருந்தால் உங்கள் கண்ணையும் காட்டுங்கள்.