முதுகு ஊசியும் இடுப்பு மூட்டு மாற்றும்
(எம்.கே.பி. நகரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வயது முதிர்ந்தோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "ஆபரேஷன் வேண்டாம், முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் முதுகு வலிக்கும்" என்று சொல்லி வீட்டிலேயே கிடத்திவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. சிலர் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்கு அழைத்துச் செல்கின்றனர். இவ்வச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது என்று ஆராய்வதே இன்றைய நம் நோக்கம்.

தொடையெலும்பின் தலை, இடுப்பிலுள்ள கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறது. அதன் கழுத்து முறியுங்கால் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பெரும்பாலும் தடைப்படுகிறது. ஆகவே முதியோரிடத்தில் அவ்வெலும்பு கட்டினால் கூடுவது அரிது. படுக்கையிலேயே கிடப்போருக்குப் படுக்கைப் புண், நுரையீரற் காய்ச்சல், கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைதல் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. உயிரைக் கொண்டுபோவன பெரும்பாலும் இவையே. இதற்குப் பரிகாரமாகச் செயற்கை மூட்டு அமைக்கும் முறையை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் வைத்தியர் 1962-ம் வருஷத்தில் திருத்தமுறச் செய்து காட்டினார். உலோகத் தலையும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட அவ்வமைப்பே இன்றைய மூட்டு மாற்றுக்கு அடிப்படை.

இனி ஊசியைக் கவனிப்போம். 1898-ம் வருஷம் ஜெர்மனியில் கீல் நகரத்து அகஸ்ட் பியர், கோக்கெயின் மருந்தை முதுகுத்தண்டின் நீரிற் செலுத்தி, இடுப்பிற்குக் கீழ் வலி தோன்றாதபடி செய்தார். தம் உதவியாளர் ஹில்டெபிராண்டின் முதுகிலும் அதைச் செலுத்திக் காலில் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். அடிபட்டவருக்கு வலி தெரியவில்லை! மறுநாள் இருவருக்கும் தலைவலி வந்தது என்பதும் அவர் எழுதி வைத்த செய்தியே.

இக்காலத்தில் கோக்கெயினுக்குப் பதில் பூபிவாக்கெயின் முதலிய மருந்துகள் வழங்குகின்றன. வயது வந்தோருக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்குக் கீழே போடப்படுகிறது. அங்கே குதிரை வாலைப் போல் நரம்பிழைகள் மட்டுமே நீரில் மிதக்கின்றன. இரண்டு மூன்று மில்லி மருந்து சென்றதும் கால்கள் சூடாகிக் கனத்து மரத்துப் போகின்றன. நோயாளி விழித்திருக்கலாம், அல்லது இலேசான தூக்க மருந்து கேட்டுப் பெறலாம். சுத்தியல் ஓசை காதில் விழுந்தாலும் வலி இராது.

முறிந்த காலோடு ஊசிக்காகத் திரும்பிப் படுப்பதே பெருந்துன்பம் என்பர் சிலர். அதற்கும் வழியுண்டு. அல்ட்ராசவுண்டு கருவியால் நோக்கி, அடிவயிற்றின் அருகில் மூட்டுக்குச் செல்லும் நரம்புகளை முதலில் மரக்கச் செய்கின்றனர். 2018-ல் வெளிவந்த பெங் முறையும் இவ்வகையினதே. ஆபரேஷனுக்குப் பின் மயக்கந்தரும் கடும் வலி மருந்துகளைக் குறைக்கவும் இது உதவுகிறது.

முதுகுவலி பற்றிய அச்சத்திற்கு விடை கூறுவோம். ஊசி போட்ட இடம் சில நாள் நோவது உண்டு. ஆயுள் முழுதும் நீடிக்கும் வலி அதனால் உண்டாகிறதென்பதற்குச் சான்றில்லை. பிரிட்டனில் 2009-ல் வெளியான பெருந்தணிக்கையில், இவ்வித ஊசி முறைகளால் நிரந்தரத் தீங்கடைந்தோர் லட்சம் பேருக்கு ஏறக்குறைய இருவர் முதல் நால்வர் வரையே என்று கண்டனர். இரத்த அழுத்தம் தாழ்தல், சிறுநீர் தடைப்படுதல், தலைவலி ஆகியவை நேரலாம். இவற்றிற்கு மருந்தும் கவனிப்பும் உண்டு. மெல்லிய ஊசிகள் வந்தபின் தலைவலி மிகவும் குறைந்துவிட்டது.

எனினும் முதுகு ஊசியே எல்லோர்க்கும் உயர்ந்தது என்று நாம் கூறவில்லை. 2021-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், இரண்டு மாதத்திற்குப் பின் உயிரோடிருப்பதிலும் நடமாடுவதிலும், முழு மயக்கத்திற்கும் இதற்கும் சொல்லத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆதலின் இன்ன முறை என்று தேர்ந்தெடுப்பதை மயக்க வைத்தியரோடு கலந்து முடிவு செய்க. காலத்தைக் கடத்துவதே கூடாது. முறிவு நேர்ந்து ஓரிரு நாட்களுக்குள் சிகிச்சை நடப்பதே நலம்.

வைத்தியரிடம் மறைக்கத் தகாதவை சில. இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, இருதய வால்வு நோய், முதுகில் புண், முன்பு நடந்த முதுகு ஆபரேஷன் ஆகியவற்றை அவசியம் சொல்லவேண்டும். மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு செல்வது நன்று.

நம் வட்டாரத்தார்க்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி தொலைவிலில்லை. 1782-ம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்ததால், இன்றும் முதியோர் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். மூட்டை சுமந்தும் இயந்திரத்தோடு போராடியும் நம்மை வளர்த்த பெற்றோர், ஓர் ஊசிக்கு நாம் அஞ்சியதால் படுக்கையிற் கிடந்து மடிவது நமக்குப் பெருமையன்று. ஆகையால் விழுந்தவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுமாறு உங்கள் வீதியிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.